பேய் வரும் காட்சியை நடத்துவது எப்படி

அன்புள்ள மகனுக்கு,

சேரன்மகாதேவியிலிருந்து அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். பிசான நெல் அறுவடை முடிந்து களமெல்லாம் வைக்கோல் காய்கிறது. உன் கடிதம் கைக்கு வந்து பல நாளாகிறது. பதில் தாமதமானதற்கு உடம்பைக் காரணம் சொல்லமாட்டேன், கோபம்தான் காரணம். கோபத்தில் எழுதினால் என் கையெழுத்து கோழி கிளறியது போல ஆகிவிடும் என்பது உனக்குத் தெரியாததல்ல. கொஞ்சம் ஆறட்டும் என்று பேனாவைத் தொடாமல் இருந்தேன். இப்போதும் முழுக்க ஆறிவிடவில்லை. ஆனால் உன் மாணவர்களுக்குப் பரீட்சை நெருங்குகிறது, உனக்குக் கல்யாணமும் நெருங்குகிறது. இனி தள்ளிப்போட முடியாது.

நீ எழுதியிருந்தது இரண்டு சங்கதி. மதராஸ் கல்லூரியில் பரீட்சைக்குப் போகும் வகுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பழைய இங்கிலீஷ் நாடகம், காதிக் என்று சொல்லப்படும் பயங்கரக் கதைகள், செய்யுள் வகைகள், அடிப்படை இலக்கணம் எல்லாவற்றையும் ஒரு முறை திருப்பிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மெட்ரிகுலேஷனுக்கு நான் உனக்குத் திருப்புதல் செய்வித்த முறையை எழுதி அனுப்பச் சொல்லிப் பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தாய். ஆயுசில் பெரும்பகுதி இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்ந்தவனுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன? மற்றச் சங்கதியைக் கடுதாசியின் அடியில், இடம் போதாதவன் போல இடுக்கி எழுதியிருந்தாய். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக் கன்னிக்குப் படைக்கிற வழக்கமெல்லாம் வேண்டாம், படித்தவர்கள் சிரிப்பார்கள், நீ ரயிலில் நேரே பெண் வீட்டுக்கு, அம்பாசமுத்திரத்தில் வந்து இறங்கிக்கொள்கிறாய் என்று. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பாடம். இந்தக் கடிதம் நாளைக்கு உன் மனைவி கைக்கும் உன் பிள்ளைகள் கைக்கும் போகட்டும் என்றுதான் உனக்குத் தெரிந்ததையும் விளக்கியே எழுதுகிறேன்.

முதலில் நாடகம். பொருள் சொல்லித் தொடங்காதே. கடினமான சொற்களுக்கு அர்த்தம் எழுதிப் போட்டு, பிறகு நாடகத்துக்கு வருகிற வாத்தியார்கள் பந்தியில் உட்காரவைத்து இலையைக் கழுவிக்கொண்டே இருப்பவர்கள். பையன்களை எழுப்பி நிறுத்து, பேசச் சொல். நாம் அப்படித்தான் படித்தோம். நம் ஊருக்கு ரயில் வந்த புதிது. விடிந்ததும் குளிப்பதற்கு ஆற்றுக்குப் போகும்போது வழி நெடுக நாடகம், திரும்பி வரும்போது இலக்கணம் என்று நான் முறை வைத்திருந்தேன். நீ முன்னால் நடப்பாய், நான் நடுவில், துணி மூட்டையைச் சுமந்துகொண்டு உன் தங்கை பின்னால். அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, பரீட்சை கிடையாது. ஆனாலும் நீ வசனத்தில் தடுக்கி நின்றால் பின்னாலிருந்து அடுத்த சொல் வந்து விழும். உன் பாடபுத்தகத்து நாடகத்தில் ஒரு பிரபு, சொத்துக்காகத் தன் சிநேகிதனைக் கடலில் தள்ளிவிடுவான். செத்தவன் நாலாம் அங்கத்தில் நனைந்த உடையோடு அவன் எதிரே வந்து நிற்பான். நீ எப்போதும் பிரபு. மிச்சம் எல்லா வேஷமும் அவளுக்கு, அந்தப் பேய் உட்பட.

அந்தக் காட்சிக்காகவே அவள் படித்துறையில் ஒரு முங்கு முங்கி, சொட்டச் சொட்ட நனைந்த பாவாடையோடு படியேறி வருவாள். தலைமயிர் முகத்தில் ஒட்டியிருக்கும், கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு விரலை நீட்டுவாள். நீ நடுங்க வேண்டிய இடத்தில் சிரித்துவிடுவாய்.

"ஏளா, பேய் இப்படியா நடக்கும்? மழையில நனைஞ்ச கோழி மாதிரில்லா வாரே!"

"தண்ணியில முங்கிச் செத்தவன் பின்ன எப்படிண்ணே வருவான்? வேட்டியக் காயப் போட்டுட்டா வருவான்?"

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வருகிற மாதிரி நடிக்க வேண்டியிருக்கும். ஆனால் கவனித்துக்கொள், அவள் சொன்னதுதான் நாடகப் பாடம். செத்தவன் எப்படிச் செத்தானோ அப்படியேதான் வருவான், கொன்றவன் கண்ணுக்குத்தான் அந்த ஈரம் தெரியும். உன் வகுப்பில் பேய் வேஷத்தை எல்லோரிலும் சின்னப் பையனுக்குக் கொடு. குரலை உயர்த்த விடாதே. மெதுவாகச் சொன்னால்தான் கேட்கிறவன் வயிறு கலங்கும்.

அடுத்தது காதிக் கதைகள். மலைமேல் பாழடைந்த கோட்டை, பூட்டிய அறை, தானாக அணைகிற மெழுகுவர்த்தி, வம்சத்தில் என்றோ நடந்த ஒரு பாவம். உன் மாணவர்கள் இதையெல்லாம் வரிசையாக ஒப்பித்துவிடுவார்கள், பரீட்சை எழுதுவதற்கு அது போதும். ஆனால் நல்ல பையன் எவனாவது, "பேய் உண்டா சார்?" என்று கேட்பான். அவனுக்கு உண்டு என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. அந்த வீட்டில் அழ வேண்டியவர்களில் அழாமல் இருந்தவர் யார் என்று தேடச் சொல். எனக்குத் தெரிந்து அந்தக் கதைகள் எல்லாமே, அழ வேண்டிய நேரத்தில் அழாமல் கதவைப் பூட்டிக்கொண்டு போனவர்களைப் பற்றியவைதான். இது எந்த உரையிலும் கிடையாது, நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. உனக்கு அப்படி ஒரு கதையை நான் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது நடந்ததை நினைத்துப் பார். அந்தக் கதையில் சின்ன வயதில் செத்துப்போன ஒரு பெண், வெள்ளை உடையில், கையில் விளக்கோடு மாடித் தாழ்வாரத்தில் நடப்பாள். வீட்டார் அலறியடித்துக்கொண்டு வீட்டையே விற்றுவிட்டு ஓடுவார்கள். கேட்டுக்கொண்டிருந்த உன் தங்கைக்கு அது பிடிக்கவே இல்லை.

"யப்பா, அது அவங்க வீட்டுப் பிள்ளைதான? சொந்தப் பிள்ளையக் கண்டு எதுக்கு ஓடுதாவ? ஒரு பாவாடை எடுத்துப் பெட்டியில வச்சுக் கும்பிட்டா அது பாட்டுக்கு இருக்கும்லா?"

"ஏட்டி, இங்கிலீஷ்காரன் வீட்டுல கன்னிப் பெட்டிக்கு எங்க போவான்?" என்று நீ சிரித்தாய்.

முக்கூடலில் என் அக்கா வீட்டில் அவள் அந்தப் பெட்டியைப் பார்த்திருந்தாள். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணை நம் பக்கத்தில் வீட்டுக் கன்னி என்று வைத்துக் கும்பிடுவதும், பனையோலைப் பெட்டியில் அவளுக்கென்று புதுத்துணி வைத்து உத்தரத்தில் தொங்கவிடுவதும், வருஷா வருஷம் தையில் பழையதை எடுத்து வீட்டு உறவில் ஒரு பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுத்துவிட்டு வேறு புதிது வைப்பதும், வீட்டில் கல்யாணம் என்றால் முதல் துணி அவளுக்கு எடுப்பதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கோட்டைக்காரர்களுக்கு அது தெரியாது. அவர்கள் செத்த பிள்ளையை என்ன செய்வதென்று தெரியாமல் பயந்தார்கள். நமக்குத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்யுள் வகைகளுக்கு வருகிறேன். பதினாலு வரியில் சானெட், கதை சொல்லும் பாலட், இறந்தவர்களுக்காகப் பாடும் எலிஜி. இலக்கணத்தை ஒப்பிக்கச் சொல்லாதே, விரலால் மேஜையில் தட்டி ஓசையைக் கேட்கவை. இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். நம் ஊரில் செய்யுள் என்றால் பாடித்தானே பழக்கம்? நான் வாத்தியாரான புதிதில் இங்கிலீஷ் செய்யுளையும் ராகம் போட்டுத்தான் பாடவைத்தேன். ஒரு காதல் சானெட்டை, என் தொண்டைக்கு ஒத்துவந்தது என்பதற்காக, முகாரியில் சொல்லிக் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடம் பார்க்க வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் எதிரில் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அதை எடுத்தது. துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இறந்துபோனவர் யார் என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். இதைக் கேட்டு நீயும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு அவள் அந்தச் சானெட்டை முகாரியில்தான் பாடுவேன் என்று அடம்பிடித்துப் பாடிக்கொண்டே திரிந்தாள்.

எலிஜி நடத்தும்போது மட்டும் கொஞ்சம் நிதானி. இங்கிலீஷ்காரன் இறந்தவனைப் பற்றி ஊருக்குச் சொல்லுவான். பூவையும் ஆற்றையும் துணைக்குக் கூப்பிடுவான். கடைசிப் பத்தியில் மனம் தேறி எழுந்து போய்விடுவான். அழகான முறைதான், நான் குறை சொல்லவில்லை. நம் பெண்கள் ஒப்பாரியில் இறந்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை, இறந்தவர்களோடு பேசுகிறார்கள். என்னை விட்டுப் போனாயே, நான் யாருக்குச் சோறு வைப்பேன் என்று நேரே கேட்கிறார்கள். அங்கே தேறுவது என்ற பேச்சே கிடையாது. உன் அம்மா அப்படித்தான் கேட்டாள். நீ அப்போது எங்கே இருந்தாய் என்பதை இனிமேல் எழுதத்தான் வேண்டும்.

கார்த்திகை மழையோடு உன் தங்கைக்கு வந்த காய்ச்சல் அது. உன் பரீட்சைக்குச் சில நாள்தான் இருந்தது. வைத்தியர் கஷாயம் கொடுத்தார், டாக்டரும் வந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போய் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் வீடு முழுக்க உறவுச் சனம், கூடத்தில் அம்மாவைச் சுற்றிப் பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நீ முற்றத்து மூலையில் இலக்கணப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வாக்கியம் வாக்கியமாக எடுத்து, இது எழுவாய், இது பயனிலை, இது செயப்படுபொருள் என்று சத்தமாகப் பிரித்துக்கொண்டிருந்தாய். யாரும் உன் பக்கம் வரவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பினாய். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க, பிள்ளை அழமாட்டேங்கான். ஒரு பொட்டுக் கண்ணீர் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. நீங்க போயி அந்தப் புஸ்தகத்தப் பிடுங்குங்க."

நான் பிடுங்கவில்லை. அது ஒன்றுதான் உன்னைப் பிடித்து நிறுத்தியிருந்தது என்று எனக்குத் தோன்றியது. தீட்டுக் கழியாத பிள்ளையைப் பரீட்சைக்குக் கூட்டிப் போகலாமா என்று உறவில் முணுமுணுத்தார்கள். அதையும் நான் காதில் வாங்கவில்லை; திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. பரீட்சை எழுதாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நீ அன்றைக்கே அழுதிருப்பாய் என்று அம்மா சொல்லுவாள். இருக்கலாம். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். வெளியே நெற்பயிர் தண்ணீருக்குள் நின்றது. இங்கிலீஷ் பேப்பரில் என்ன வந்தது என்று கேட்டேன்.

"பேய் வார காட்சியத்தான் கேட்டிருந்தாவ."

"எழுதினியா?"

"எழுதினேன். முழுசா எழுதினேன்."

அதற்குப் பிறகு உன் தங்கையைப் பற்றி நீ வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. அந்தப் பேப்பரில் நீ நல்ல மார்க்கு வாங்கினாய். அந்த மார்க்கைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய். படித்துறையில் சொட்டச் சொட்ட நின்றவளை நினைத்து நான் அன்றைக்குக் கொல்லைப்புறம் போய் அழுதேன். அப்போது நீயும் வந்து என்னோடு நின்றிருக்கலாம் என்று இருந்தது.

பிறகு நீ எப்.ஏ., பி.ஏ. என்று மதராஸுக்குப் போய்விட்டாய். தை மாதப் படையலுக்கு ஒரு முறையும் வரவில்லை, எப்போதும் ஏதாவது வேலை இருந்தது. நான் வற்புறுத்தவில்லை. உன் அம்மா மட்டும் வருஷா வருஷம் பாவாடையின் அளவைக் கூட்டிக்கொண்டே வந்தாள். கன்னிக்கு அளவு மாறாது என்று யாரோ சொன்னதற்கு, "எம் பிள்ளை வளர்றது எனக்குத்தான தெரியும்" என்றாள். பழைய பாவாடைகளை முக்கூடலில் அக்காவின் பேத்தி உடுத்திக்கொண்டாள். இப்போது உன் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கத் திருநெல்வேலிக்குப் போயிருந்தோம். கடையில் உட்கார்ந்ததும் முதல் துணி கன்னிக்கு என்று என் காதில் மட்டும் சொல்லிவிட்டு உன் அம்மா அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலையைக் கையில் எடுத்தாள். பாவாடை எடுக்கவில்லையா என்று கேட்டேன். "வயசு வந்த பிள்ளைக்கு இன்னுமா பாவாடை எடுப்பாவ?" என்றாள். கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, எங்களுக்கு ஒரு மகளும் உண்டு போலிருக்கிறது என்று நினைத்து, "தங்கச்சிக்கும் சீக்கிரமே நல்ல காரியம் நடக்கட்டும் அண்ணாச்சி" என்று வாழ்த்திக் கட்டிக் கொடுத்தார். நான் அவரைத் திருத்தவில்லை.

உன் கடிதம் வந்தது அதற்குப் பிறகு. என் கோபம் அந்த நாலு வரியால் மட்டும் வந்தது அல்ல. முகூர்த்த விஷயம் பேச அம்பாசமுத்திரத்துக்கு, உன் வருங்கால மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். நெல் வியாபாரம் செய்கிற நல்ல மனுஷர், மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, அவனுடைய சகோதரி பின்னால் நின்று மற்ற முடிச்சுகளைப் போட வேண்டுமே, அதைப் பற்றிப் பேச்சு வந்தது. பெண்ணின் அம்மா கேட்டார்கள்.

"நாத்தனார் முடிச்சுக்கு யாரக் கூப்பிடுதீய? எம் பையன் மதராஸில மாப்பிள்ளைய விசாரிச்சானாம். கூடப் பிறந்தது யாரும் கிடையாது, ஒத்தப் பிள்ளைன்னு மாப்பிள்ளையே சொன்னாவளாம். உங்க தம்பி மக யாரும் இருக்காளா?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். ஒற்றைப் பிள்ளை. வெள்ளை உடையோடு நடந்தவளைக் கண்டு வீட்டை விற்றுவிட்டு ஓடியவர்கள்கூட, அப்படி ஒரு பெண் எங்கள் வீட்டில் பிறக்கவே இல்லை என்று சொன்னதாகக் கதையில் இல்லையே ஐயா! வகுப்பில் நீ காதிக் கதையை என்னவென்று நடத்துவாய்? அவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "ஒத்தப் பிள்ளை இல்லம்மா. எனக்கு ரெண்டு. இளையவ கன்னியாயிட்டா" என்றேன். படித்துறை, பேய் வேஷம், காய்ச்சல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உன் வருங்கால மாமனார் மேல்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்போது உள் நடைக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த கல்யாணப் பெண் வெளியே வந்துவிட்டாள். மாமனாராகப் போகிறவர் எதிரில் வரலாமா என்று அவள் அம்மா பதறியதை அவள் பொருட்படுத்தவில்லை.

"மாமா, அவ பேரு என்ன?" என்று கேட்டாள்.

சொல்ல வாயெடுத்தேன். நம் வீட்டில் இத்தனை வருஷமாகக் கன்னி, கன்னி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நீ பேசாததால் நாங்களும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டோம். நாக்கின் நுனியில் பேர் இருந்தது. சொல்லவில்லை.

"அத எம் மகன் வந்து உன்கிட்ட சொல்லுவான்மா" என்றேன்.

"சரி மாமா, அவுகளே சொல்லட்டும். அது வரைக்கும் நாத்தனார் முடிச்சுக்கு வேற யாரையும் கூப்பிட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நடந்தது இதுதான். நீ ஒற்றைப் பிள்ளை என்று சொன்னது உன் அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதும் இல்லை. கன்னிக்குப் படைக்காவிட்டால் ஏதாவது கெடுதல் வரும் என்று உன்னைப் பயமுறுத்துவதற்காகவும் இதை எழுதவில்லை. உன் தங்கை யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாதவள். மற்றவர்கள் மூடத்தனம் என்று சொன்னால் சொல்லட்டும். உனக்கு அது மூடத்தனமாகத் தோன்றியதால் நீ வேண்டாம் என்று எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியை இறக்கித் திறந்தால் இலக்கணப் புத்தகம் கையில் இல்லாமல் அதன் எதிரில் உட்கார வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயப்படுகிறாய். நான் பக்கத்தில் இருப்பேன், அம்மாவும் இருப்பாள். அழுகை வந்தால் அழு, ஆண்பிள்ளை என்று பார்க்காதே. நானே பார்க்கவில்லை.

பச்சைச் சேலை மஞ்சள் தடவி மடித்து வைத்திருக்கிறது. பெட்டியில் அதை வைக்க வேண்டியவன் நீ. வைத்துவிட்டு, பக்கத்து ஊர்தானே, நாம் மூன்று பேருமாக அம்பாசமுத்திரம் போவோம். அந்தப் பெண் கேட்டதற்கு நீ பதில் சொல். மணவறையில் அவள் பின்னால் யார் நிற்பது என்பதை அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

திருநெல்வேலியில் வண்டி மாறி ஏறினால் அம்பாசமுத்திரத்துக்கு முன்னால் நம் ஸ்டேஷன்தான் வரும். வண்டி இங்கே ரொம்ப நேரம் நிற்காது. பெட்டி படுக்கையை முன்னாலேயே கதவோரம் எடுத்து வைத்துக்கொள். நானும் உன் அம்மாவும் பிளாட்பாரத்தில் நிற்கிறோம். இறங்கிவிடு ஐயா.

உன் வரவை எதிர்நோக்கும்,
அப்பா